தோற்றவருக்கும் ஒரு சுற்று உண்டு

(மறைமலைநகரில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கூட்டத்தின் கடைசி அரைமணி நேரத்தில் யாராவது ஒருவர், பாடநூலுக்கு வெளியே தமக்குப் பிடித்த ஒன்றைப் பற்றிப் பேசுவது வழக்கம். இந்த முறை என் வாய்ப்பு. தலைப்பு என்னவென்று கேட்டார்கள். மல்யுத்தம் என்று எழுதிக் கொடுத்தேன். "டீச்சர், நீங்கள் அறிவியல் டீச்சர்தானே?" என்று ஒரு சார் சிரித்தார். ஆமாம், அறிவியல்தான். நான் ஒருநாளும் மல்யுத்தக் களத்தில் இறங்கியதில்லை. பார்ப்பவள் மட்டுமே. 2008 ஆகஸ்டு மாதம் பெய்ஜிங் ஒலிம்பிக்கைத் தொலைக்காட்சியில் பார்க்கத் தொடங்கியதிலிருந்து இன்றுவரை பார்க்கிறேன். இத்தனை ஆண்டுகள் பார்த்ததில் ஓர் ஆசிரியராக நான் எடுத்துக்கொண்ட ஒன்றைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில், இது வடநாட்டு விளையாட்டு, நமக்கு என்ன தொடர்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து ஏறினால் எந்த ஊருக்குப் போய் இறங்குகிறோம்? மாமல்லபுரம். மல் என்றால் மற்போர். மல்லன் என்றால் அதில் வல்லவன். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்பது சிறப்புப் பெயர். ஆண்டுதோறும் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போய், கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் காட்டுகிறோம். ஊரின் பெயரிலேயே ஒரு மல்யுத்த வீரன் நிற்கிறான் என்பதையும் இனிச் சொல்லலாம்.

அதைவிடப் பழைய சான்றை எங்கள் பள்ளித் தமிழாசிரியர் ஐயா எனக்குக் காட்டினார். புறநானூற்றில் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்றொரு சோழன் வருகிறான். தந்தை தித்தனோடு மனவேறுபாடு கொண்டு வேற்றூரில் இருந்தவன். அவன் ஆமூர் மல்லனோடு மற்போர் செய்ததைச் சாத்தந்தையார் என்ற புலவர் 80ஆம் பாடலில் பாடுகிறார். கால் எங்கே ஊன்றியிருக்கிறது, எதிராளியின் பிடி எப்படித் தடுக்கப்படுகிறது என்று, இன்றைய வர்ணனையாளர் சொல்வதுபோலச் சொல்கிறார். மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, இதை அவன் தந்தை பார்க்க வேண்டும் என்கிறார். பிள்ளை ஆடுவதைப் பெற்றோர் வந்து பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் அன்றும் இருந்திருக்கிறது.

அதே அரசனை நக்கண்ணையார் என்ற பெண்பாற் புலவர் 83, 84, 85 ஆகிய மூன்று பாடல்களில் பாடியிருக்கிறார். 85ஆம் பாடலில், அது அவனுடைய ஊரும் அல்ல, நாடும் அல்ல. ஆகவே பார்க்கிறவர்களில் ஒரு சாரார் வெற்றி அவனுக்கே என்கிறார்கள், இன்னொரு சாரார் இல்லை என்கிறார்கள். இவர் மட்டும் சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், தம் வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று, அவன் வெல்வதைப் பார்க்கிறார். மல்யுத்தத்துக்கு இரசிகை என்று ஒருத்தி இருக்கலாமா என்று என்னைக் கேட்பவர்களுக்கு இனி நான் நக்கண்ணையாரைத்தான் காட்டுவேன்.

இனி, பார்ப்பவருக்குத் தேவையான விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 9 மீட்டர் விட்டமுள்ள வட்டம்தான் களம். மூன்று நிமிடம், முப்பது நொடி ஓய்வு, மறுபடி மூன்று நிமிடம். எதிராளியைக் கீழே வீழ்த்திக் கட்டுக்குள் கொண்டுவந்தால் 2 புள்ளி. அவர் முதுகைத் தரைவிரிப்பை நோக்கித் திருப்பினால் 2 புள்ளி. பெரிய வீச்சுக்கு 4, மிகப் பெரிய வீச்சுக்கு 5. வட்டத்துக்கு வெளியே தள்ளினால் 1. இரண்டு தோள்பட்டைகளையும் தரையில் சேர்த்து அழுத்திப் பிடித்துவிட்டால், புள்ளி எவ்வளவு இருந்தாலும் அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. இதில் இரண்டு பாணிகள். கிரேக்க ரோமானியப் பாணியில் இடுப்புக்குக் கீழே தொடக்கூடாது. ஃப்ரீஸ்டைலில் காலையும் பிடிக்கலாம். பெண்கள் ஆடுவது ஃப்ரீஸ்டைல். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் மல்யுத்தம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது.

பள்ளியில் நாம் நடத்தும் நெம்புகோலும் ஈர்ப்பு மையமும் இந்த ஆறு நிமிடத்தில் கண்முன்னே நடக்கும். முழங்காலை மடித்து ஈர்ப்பு மையத்தைக் கீழே இறக்குபவர் நிலைத்து நிற்கிறார். நிமிர்ந்து நிற்பவர் சரிகிறார். வகுப்பில் இந்தப் பாடம் வரும்போது ஒரு கரும்பலகைப் படத்தைவிட ஒரு நிமிட மல்யுத்தக் காட்சி நன்றாகப் புரியவைக்கும். இது போகிற போக்கில் ஒரு செய்தி.

நான் சொல்லவந்த விதி வேறு. அதற்கு ரெப்பசாஜ் என்று பெயர். பிரெஞ்சுச் சொல். நீரில் விழுந்ததை மறுபடி தூக்கி எடுப்பது என்பது அதன் நேர்ப்பொருள். நாம் மறுவாய்ப்புச் சுற்று என்று சொல்லிக்கொள்ளலாம். தேர்வில் நூலிழையில் தவறிய மாணவரைக் கைதூக்கித் தேர்ச்சி பெறவைப்பதையும் பிரெஞ்சுக்காரர்கள் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். விளையாட்டுக்கும் பள்ளிக்கும் ஒரே சொல்!

விதி இதுதான். டென்னிஸில் முதல் சுற்றில் தோற்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பலாம். மல்யுத்தத்தில் தோற்றவர் உடனே கிளம்பிவிட முடியாது, காத்திருக்க வேண்டும். தம்மை வென்றவர் இறுதிப் போட்டிவரை போய்விட்டால், அவரிடம் தோற்றவர்களுக்கு மறுவாய்ப்புச் சுற்று உண்டு. அதில் தொடர்ந்து வென்றால் வெண்கலம் வாங்கலாம். ஏன் இப்படி ஒரு விதி? சீட்டுக் குலுக்கலில் முதல் சுற்றிலேயே மிக வலிமையான ஒருவரிடம் மாட்டிக்கொண்டவர், வலிமை குறைந்தவர் என்று ஆகிவிடாது. யாரிடம் தோற்றார் என்பதையும் பார்த்துத்தான் அவர் தரத்தைச் சொல்ல வேண்டும் என்று இந்த விளையாட்டு ஒப்புக்கொள்கிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது இரக்கப்பட்டுத் தருவது அல்ல. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் வழி அடைபட்டதுதான். வெண்கலத்துக்கும் உழைத்தே ஆக வேண்டும். திறந்துவிடுவது ஒரு வாசல் மட்டுமே. உள்ளே நடந்து போவது அவரவர் கால்.

இந்த வாசல் வழியாக நம் நாட்டுக்கு வந்தவற்றைப் பாருங்கள். 2008 பெய்ஜிங், 66 கிலோ எடைப்பிரிவு. சுசில் குமார் முதல் ஆட்டத்திலேயே உக்ரைனின் ஆந்திரி ஸ்டாட்னிக்கிடம் தோற்றார். ஸ்டாட்னிக் இறுதிப் போட்டிக்குப் போனார். சுசிலுக்கு மறுசுற்று கிடைத்தது. அமெரிக்கர், பெலாரஸ்காரர், கசகஸ்தான்காரர் என்று மூவரை வரிசையாக வென்று வெண்கலம் வாங்கினார். மல்யுத்தத்தில் இந்தியாவுக்கு 56 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ஒலிம்பிக் பதக்கம் அது.

2012 இலண்டன், 60 கிலோ. யோகேஷ்வர் தத் இரஷ்யாவின் பெசிக் குதுகோவிடம் தோற்றார். குதுகோவ் இறுதிக்குப் போனதால் இவருக்கு வாசல் திறந்தது. வீங்கிப்போன கண்ணோடு அடுத்தடுத்து மூன்று ஆட்டங்கள். கடைசி ஆட்டத்தில் வடகொரிய வீரரின் இரு கணுக்கால்களையும் பின்னிப் பிடித்து, சப்பாத்தி மாவை உருட்டுவதுபோல உருட்டி உருட்டிப் புள்ளி சேர்த்தார். வெண்கலம்.

2016 இரியோ, 58 கிலோ. சாக்ஷி மாலிக் காலிறுதியில் இரஷ்யாவின் வலேரியா கோப்லோவாவிடம் தோற்றார். அவர் இறுதிக்குப் போனார். மறுசுற்றில் மங்கோலிய வீராங்கனையை வென்ற சாக்ஷி, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் கிர்கிஸ்தானின் ஐசுலூ தினிபெகோவாவைச் சந்தித்தார். முதல் மூன்று நிமிடம் முடிந்தபோது 0–5. நம் வகுப்பு மொழியில் சொன்னால், அரையாண்டில் பூஜ்யம். இரண்டாம் பாதியில் ஒவ்வொரு பிடியாகப் பிடித்து 5–5க்கு வந்தார். கடைசிச் சில நொடிகளில் எதிராளியைக் கீழே இறக்கி 7–5. எதிரணி மேல்முறையீடு செய்தது. அது தள்ளுபடியாகி இன்னொரு புள்ளியும் சேர்ந்து 8–5. ஒலிம்பிக் மல்யுத்தத்தில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண்.

மூன்று பதக்கங்களும் தோல்விக்குப் பிறகு வந்தவை. மறுசுற்று என்ற விதி இல்லாதிருந்தால் மூவரும் வெறுங்கையோடு வந்திருப்பார்கள். அவர்கள் திறமையில் ஓர் அணுவும் குறைந்திருக்காது. ஆனால் அவர்களுக்கு அந்தத் திறமை இருந்தது என்பது நமக்குத் தெரிந்திருக்காது. ஓர் ஆசிரியராக எனக்கு உறைத்த இடம் இதுதான்.

விதி எல்லாருக்கும் பொதுவானது என்பதையும் ஒரு சம்பவம் காட்டியது. 2024 பாரிஸ், பெண்கள் 50 கிலோ. ஜப்பானின் யுய் சுசாகி, டோக்கியோவில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வாங்கியவர். அதுவரை வெளிநாட்டு வீராங்கனை யாரிடமும் தோற்றதில்லை. அவரை முதல் சுற்றிலேயே நம் வினேஷ் போகத் வென்றார். அன்றே இறுதிப் போட்டிக்கும் தகுதி பெற்றார். மறுநாள் காலை எடை பார்த்தபோது 100 கிராம் கூடுதல். தகுதி நீக்கம். அன்று நாம் எல்லாரும் வருந்தினோம். அதே நாளில் சுசாகி மறுசுற்று வழியே வந்து வெண்கலம் வாங்கினார். உலகின் மிகச் சிறந்த வீராங்கனைக்கும் ஒருநாள் அந்த இரண்டாவது வாசல் தேவைப்பட்டது. அது கெட்டிக்காரர்களுக்கு வேண்டாத வாசல் என்று நினைக்க வேண்டாம்.

இப்போது கல்லூரிகளுக்கு வருகிறேன். அமெரிக்காவில் மல்யுத்தம் கல்லூரிகளில்தான் வளர்கிறது. அங்கே பாணியும் சற்று வேறு. எதிராளியைத் தரையில் நீண்ட நேரம் கட்டுக்குள் வைத்திருந்தாலே அதற்கு ஒரு புள்ளி உண்டு. அயோவா மாநிலத்தில் டான் கேபிள் என்றொரு மாணவர். உயர்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலுமாகச் சேர்த்து 181 ஆட்டங்கள், அனைத்தும் வெற்றி. 1970இல் கல்லூரி வாழ்க்கையின் கடைசி ஆட்டம், தேசிய இறுதிப் போட்டி. லாரி ஓவிங்ஸ் என்பவரிடம் 13–11 என்று தோற்றுவிட்டார். கல்லூரிப் போட்டியில் இனி அவருக்கு மறுசுற்று இல்லை. ஆனால் அவர் பயிற்சியை நிறுத்தவில்லை. மறு ஆண்டு உலகச் சாம்பியன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் தங்கம், அதுவும் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல். பிறகு அயோவா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராகி 15 முறை தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 181 வெற்றிகளைவிட அந்த ஒரு தோல்வியைத்தான் இன்றும் அந்த நாட்டு இரசிகர்கள் அதிகம் பேசுகிறார்கள்.

நம் நாட்டுக் கல்லூரிக் கதை இன்னும் நெருக்கமானது. ஆசிரியர்களாகிய நாம் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. மகாராஷ்டிரத்தில் சதாரா மாவட்டத்துக் கோலேஷ்வர் கிராமத்தைச் சேர்ந்தவர் கே.டி. ஜாதவ். கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி மாணவர். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் ஆறாம் இடம் பெற்றார். 1952இல் ஹெல்சின்கி போகப் பணம் இல்லை. ஊர்க்காரர்களிடமும் கடைக்காரர்களிடமும் கையேந்தினார். போதவில்லை. அப்போது கல்லூரி முதல்வர் கர்தேகர் தம் வீட்டை அடகுவைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். அந்தக் காலத்து ஏழாயிரம்!

ஹெல்சின்கியில் ஜப்பானின் ஷோஹாச்சி இஷியிடம் நீண்ட ஆட்டம் ஆடித் தோற்றார் ஜாதவ். இரண்டு ஆட்டங்களுக்கு இடையே அரைமணி ஓய்வு தரவேண்டும் என்பது விதி. ஆனால் களைப்புத் தீருமுன்பே சோவியத் வீரரோடு மோத அழைத்துவிட்டார்கள். விதியை எடுத்துச் சொல்லி அவருக்காக வாதாட இந்திய அதிகாரி யாரும் அங்கே இல்லை என்று அவர் வரலாற்றில் சொல்லப்படுகிறது. அதிலும் தோற்றார். வெண்கலத்தோடு திரும்பினார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மாட்டுவண்டிகளில் ஊர்வலமாக அழைத்துச் சென்றார்கள். ஊர்வலம் முடிந்த பிறகு ஜாதவ் செய்த காரியம் என்ன தெரியுமா? குஸ்திப் போட்டிகளில் ஆடிப் பணம் சேர்த்து, முதல்வரின் வீட்டை மீட்டுக் கொடுத்தார்.

இந்தக் கதையில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, வீட்டை அடகுவைத்த ஆசிரியர். அதை நம்மில் எல்லாராலும் செய்ய முடியாது. யாரும் கேட்கவும் இல்லை. இரண்டாவது, களத்தருகே பேச ஆளில்லாமல் தனியே நின்ற மாணவர். அந்த இடத்தில் போய் நிற்பதற்கு அடகுவைக்க எதுவும் வேண்டாம். ஒரு நாள் வேண்டும், அவ்வளவுதான். அதை நம் எல்லாராலும் செய்ய முடியும்.

இனி நம் பள்ளிக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஜூடோ கற்றாள். அப்பா தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை, அம்மா வீட்டு வேலை செய்பவர். மாவட்டப் போட்டிக்குப் போனாள். முதல் சுற்றில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை, தோற்றுவிட்டாள். மறுநாளிலிருந்து மைதானத்துப் பக்கம் வரவில்லை. வகுப்பிலும் வாய் திறப்பதில்லை. "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று அத்தை கேட்டாராம். எங்கள் உடற்கல்வி டீச்சர் போட்டி முடிவுகளை எடுத்துப் பார்த்தார். இவளை வென்ற பிள்ளைதான் அந்தப் பிரிவில் கடைசிவரை போய் முதலிடம் பெற்றிருந்தது. அன்று மாலை அவளைக் கூப்பிட்டு, சுசில் குமார் முதல் ஆட்டத்தில் தோற்றதையும், பிறகு நடந்ததையும் நான் சொன்னேன். "நீ யாரிடம் தோற்றாய் தெரியுமா?" என்று அந்த முடிவுத்தாளையும் காட்டினேன். நீண்ட நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் மைதானத்துக்கு வந்தாள். இந்த ஆண்டு முதல் சுற்றில் வென்றாள், இரண்டாம் சுற்றில் தோற்றாள். பதக்கம் எதுவும் இல்லை. ஆனால் தோற்ற அன்றே, "டீச்சர், அடுத்த போட்டி எப்போ?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இதே கண்ணோடு தேர்வு முடிவுகளையும் பார்க்கலாம். மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வரும். தேர்ச்சி விழுக்காடு, நூற்றுக்கு நூறு, முதல் மூன்று இடங்கள் என்று வாசலில் பதாகை கட்டுகிறோம். கட்ட வேண்டியதுதான், பிள்ளைகளின் உழைப்பு அது. ஆனால் அதே நாளில் மூன்று நான்கு பிள்ளைகள் தங்கள் பெயர் எதிலும் இல்லாமல் வீட்டுக்குள் இருப்பார்கள். துணைத்தேர்வு என்ற வாசலை அரசு திறந்து வைத்திருக்கிறது. அதுதான் நம் மறுசுற்று. ஆனால் அந்த வாசல்வரை பிள்ளையை யார் அழைத்துவருவது? ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் வேலைக்கு ஆள் தேவை என்ற பலகை தொங்கும் ஊர் இது. பையன் ஒரு வாரம் சும்மா இருந்தால் தண்ணீர் கேன் வண்டியில் ஏறிவிடுவான். முதல் சம்பளம் கைக்கு வந்த பிறகு அவனைத் திருப்புவது கடினம். பெண் பிள்ளையாக இருந்தால் உறவில் மாப்பிள்ளை பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அதனால் நாள் முக்கியம். சாக்ஷி காலிறுதியில் தோற்ற அதே நாளில்தான் வெண்கலத்துக்கு ஆடினார். ஆறு மாதம் கழித்து வா என்று யாரும் சொல்லவில்லை. நாங்கள் சென்ற ஆண்டு முடிவு வந்த மூன்று நாளுக்குள் தேர்ச்சி பெறாத பிள்ளைகளின் வீடுகளுக்கு இருவர் இருவராகப் போனோம். மூன்று பேரில் இருவர் துணைத்தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்று, ஒருவர் மேல்நிலை வகுப்பிலும் ஒருவர் தொழிற்பயிற்சி நிலையத்திலும் சேர்ந்திருக்கிறார்கள். மூன்றாவது பையன் இன்னும் வேலைக்குத்தான் போகிறான். அவன் அம்மாவின் எண் என்னிடம் இருக்கிறது. அடுத்த விண்ணப்பத் தேதி வரும்போது மறுபடி பேசுவேன்.

எங்கள் பள்ளியில் வழக்கமாக்கிக்கொண்ட மூன்றை இங்கே பகிர்கிறேன். பிடித்திருந்தால் நீங்களும் செய்து பாருங்கள்.

முதலாவது, திங்கட்கிழமைக் காலை வணக்கக் கூட்டத்தில், வென்றவர் பெயரோடு, பங்கேற்ற எல்லார் பெயரையும் வாசிக்கிறோம். எந்தச் சுற்றுவரை போனார், யாரோடு ஆடினார் என்றும் சொல்கிறோம். முதல் சுற்றில் தோற்றார் என்பதை வெட்கப்படாமல் உரக்கச் சொல்லும்போது, அது வெட்கப்பட வேண்டிய செய்தி இல்லை என்று ஆகிவிடுகிறது.

இரண்டாவது, அலகுத் தேர்வில் தவறிய பிள்ளைக்கு ஏழு நாளுக்குள் அதே கற்றல் விளைவில் மறுதேர்வு. கேள்விகள் எளிதாக்கப்படுவதில்லை. கேள்வியை எளிதாக்கினால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும், தன்னைக் குறைவாக மதிப்பிட்டுவிட்டார்கள் என்று. வாசலை மட்டும் திறக்கிறோம்.

மூன்றாவது, போட்டிக்குப் பிள்ளைகள் தனியே போவதில்லை. உடற்கல்வி ஆசிரியரோடு இன்னொரு பாட ஆசிரியரும் முறைவைத்துப் போகிறோம். ஹெல்சின்கியில் ஜாதவுக்குக் கிடைக்காத ஆள் நம் பிள்ளைக்குக் கிடைக்கட்டும். போட்டி விதிகளைப் படித்துவிட்டுப் போவது நல்லது. விதி தெரிந்த ஆசிரியர் பக்கத்தில் நின்றால் பிள்ளைக்குத் தைரியம் கூடும்.

இரசிகை என்பதற்காக இந்த விளையாட்டின் குறைகளை மறைக்க மாட்டேன். எடைக்காகத் தண்ணீர் குடிக்காமல், சாப்பிடாமல் உடலை வாட்டும் பழக்கம் இதில் உண்டு. 1997இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர் மூவர் சில வார இடைவெளியில் இப்படி எடை குறைக்கும்போதே உயிரிழந்தார்கள். அதன்பிறகே அங்கே விதிகள் கடுமையாயின. ஆகவே, வளரும் பிள்ளையை எடைப்பிரிவுக்காகப் பட்டினி போடுவதை எந்தப் பயிற்சியாளர் சொன்னாலும் நாம் அனுமதிக்கக் கூடாது. பிள்ளை எந்த எடையில் இருக்கிறதோ அந்தப் பிரிவில் ஆடட்டும். காலை உணவை விடக் கூடாது.

பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு இன்னொன்று. 2023இல் சாக்ஷி மாலிக், வினேஷ் போகத் போன்றோரே தில்லி ஜந்தர் மந்தரில் தெருவில் அமர்ந்து, பாலியல் தொல்லைக்கு எதிராகக் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. பதக்கம் வாங்கியவர்களுக்கே அந்த நிலை என்றால், "எங்க பொண்ணை எப்படி டீச்சர் அனுப்புறது?" என்று ஒரு தாய் கேட்பதில் என்ன தவறு? அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும். பயிற்சி எங்கே நடக்கிறது, யார் உடன் இருக்கிறார்கள், எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள் என்பது எழுத்தில் இருக்கட்டும். 1098, 14417 ஆகிய எண்கள் வகுப்பறையில் எழுதப்பட்டிருப்பதோடு, பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு மனப்பாடமாகவும் இருக்கட்டும்.

நம் மாவட்டத்தில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. விளையாட்டையே படிப்பாக எடுத்துப் படிக்கலாம் என்பதே நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வழிகாட்டும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருமுறை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் இல்லாத நடுநிலைப் பள்ளிகள் நம் குறுவள மையத்தில் சில இருக்கின்றன. அடுத்த போட்டிகளுக்கு அந்தப் பள்ளிப் பிள்ளைகளோடு போக ஆள் வேண்டும். இந்தக் கூட்டம் முடிவதற்குள் ஒரு தாளைச் சுற்றுக்கு அனுப்புகிறேன். ஒரு நாள் போய்க் களத்தருகே நிற்க முடிந்தவர்கள் பெயர் எழுதுங்கள். மல்யுத்தம், ஜூடோ எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை வென்றால் கைதட்டுங்கள். தோற்றால், யாரிடம் தோற்றது என்று குறித்துக்கொண்டு, அடுத்த போட்டி எப்போது என்று விசாரித்துவிட்டு வாருங்கள். என் பெயரை முதலில் எழுதியிருக்கிறேன்.